பனிக்குச் சாட்சியாய் நின்றவர்கள்

ஒரு பொருளை ஒருமுறை பார்ப்பவன் அது எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். அது மாறுகிறதா என்று சொல்ல அவனால் இயலாது. மாற்றத்தை அறிய இரண்டு பார்வைகள் வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையே காலம் வேண்டும். முதற் பார்வையைக் குறித்து வைத்த கை வேண்டும். அக்குறிப்பைக் கெடாமற் காத்த பெட்டகமும் வேண்டும். நாள்தோறும் பிள்ளையைக் கண்ணால் காணும் தாய்க்கு அதன் வளர்ச்சி தெரிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சுவரில் கீறி வைத்த கோடுதான் அதைச் சொல்கிறது. பூமியின் இரு துருவங்களிலும் உறைந்து கிடக்கும் பனியைக் குறித்து மனித குலம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி இத்தகைய கோடுகளிலிருந்தே கிடைத்தது.

துருவப் பனி உருகுகிறது என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். சிலர் அஞ்சுகிறோம், சிலர் ஐயுறுகிறோம், பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அச்செய்தியை யார் அறிந்தனர், எதைக்கொண்டு அளந்தனர், முன்பு அங்கே இருந்தது என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற வரலாறு நம்மை எட்டுவதில்லை. ஏறத்தாழ நூறாண்டு நீளும் அவ்வரலாறு, விமானிகளும் பொறியாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொட்டு எழுதியது. அதை அறியாமல் அச்செய்தியின் கனத்தை நம்மால் உணர முடியாது.

முதலில் ஒரு தெளிவு. துருவப் பனி ஒரே வகைப்பட்டதன்று. கடல்நீரே குளிரில் உறைந்து சில மீட்டர் கனத்தில் மிதப்பது கடற்பனி. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த பனி இறுகி, நிலத்தின்மேல் கிலோமீட்டர் கணக்கில் கனத்துக் கிடப்பது பனிப்படலம். அது கிரீன்லாந்தையும் அண்டார்டிகாவையும் மூடியிருக்கிறது. அப்படலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகர்ந்து வருவன பனியாறுகள். அவை கரையைக் கடந்தபின், நிலத்தோடு ஒட்டியவாறே கடலின்மேல் மிதக்கும் பகுதியைப் பனித்தட்டு என்பர். மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. நிலத்தின் பனி கடலிற் சேர்ந்தால் மட்டம் உயரும். கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 7 மீட்டரும், அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் ஏறத்தாழ 58 மீட்டரும் உயரும் என்பது இன்றைய கணக்கு. அப்படி நேர நெடுங்காலம் ஆகும். ஆயினும் அதில் நூற்றில் ஒரு பங்கு கரைந்தாலே உலகின் கரையோர மக்கள் அனைவரையும் அது தொடும்.

வானிலிருந்து ஒரு பிழை

1928-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், ஆஸ்திரேலியரான ஹியூபர்ட் வில்கின்ஸ் என்பவர், கார்ல் பென் ஐயல்சன் என்னும் விமானியுடன் டிசெப்ஷன் தீவிலிருந்து புறப்பட்டு, அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேலாகத் தெற்கு நோக்கிப் பறந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் மாதக்கணக்கில் கடக்கவேண்டிய தொலைவை ஒரே நாளிற் கடந்து திரும்பினார். அதுவரை எவரும் காணாத நிலத்தை வானிலிருந்து கண்டு படமெழுதியது பெரும் சாதனையாகப் போற்றப்பட்டது.

ஆனால் அவர் வரைந்த படம் தவறானது. கீழே தெரிந்த பனிநிறைந்த பள்ளத்தாக்குகளை அவர் கடற்கால்வாய்கள் என்று கருதினார். அந்நிலம் ஒரே தொடர்ச்சியன்று, நீர்வழிகள் பிரிக்கும் தீவுக்கூட்டம் என்று முடிவு செய்தார். 1934 முதல் 1937 வரை ஜான் ரைமில் தலைமையில் அங்கு சென்ற பிரித்தானியக் குழு ஒரு சிறு விமானத்தோடு நாய்வண்டிகளையும் கொண்டு சென்றது. அவர்கள் தரையில் நடந்து பார்த்தபோது கால்வாய் என்று குறிக்கப்பட்ட இடத்தில் கால்வாய் இல்லை. நிலம் அறுபடாமல் தெற்கே நீண்டது.

வில்கின்ஸ் பொய் சொன்னவரல்லர். தாம் கண்டதையே சொன்னார். உயரத்திலிருந்து பார்க்கும் கண் பெரும்பரப்பைக் காணும்; ஆனால் கண்டதன் பொருளைத் தரையில் நிற்பவனிடம் கேட்டுத் தெளிய வேண்டும். பிற்காலத்தில் விண்கலம் அனுப்பிய எவரும் இப்பாடத்தை மறக்கவில்லை. இன்றும் செயற்கைக்கோள் தரும் ஒவ்வோர் அளவும் தரையிலும் விமானத்திலும் எடுத்த அளவோடு ஒத்துப்பார்த்தபின்தான் ஏற்கப்படுகிறது.

கோட்டையிற் கிடந்த கண்ணாடித் தகடுகள்

ஏறத்தாழ அதே காலத்தில், 1932, 1933-ஆம் ஆண்டுகளில், டென்மார்க்கின் புகழ்பெற்ற துருவப் பயணி நுட் ராஸ்முசென் தம் ஏழாவது தூலே பயணத்தை மேற்கொண்டார். அவருடைய குழுவினர் கடல்விமானத்திலிருந்து கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரையைப் படமெடுத்தனர். நிலப்படம் வரைவதே அவர்கள் நோக்கம். பனியாறுகள் குறுகுமா, நீளுமா என்ற வினா அவர்கள் மனத்தில் இல்லை. அப்பயணத்திலேயே நோயுற்ற ராஸ்முசென் 1933 டிசம்பரில் மறைந்தார். படம் வரைந்தாயிற்று, கண்ணாடித் தகடுகள் உறங்கப்போயின.

பல பத்தாண்டுகளுக்குப் பின் அத்தகடுகள் கோப்பன்ஹேகனுக்கு வெளியே ஒரு பழங்கோட்டையின் சேமிப்பில் கிடப்பது தெரியவந்தது. ஆய்வாளர்கள் அவற்றைப் போர்க்காலத்து விமானப் படங்களோடும் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களோடும் வரிசையாக அடுக்கிப் பார்த்தனர். 2012-ஆம் ஆண்டு வெளிவந்த அம்முடிவு நேர்மையான ஒரு செய்தியைத் தந்தது. 1930-களிலும் ஒரு வெப்பக்காலம் இருந்தது. அப்போதும் பனியாறுகள் விரைந்து பின்வாங்கின. நிலத்தில் முடியும் பனியாறுகள் பல இக்காலத்தைவிட அன்று வேகமாகவே குறுகின. இடையில் குளிர்ந்த ஆண்டுகளில் அவற்றுட் பல நின்றன; சில முன்னேறவும் செய்தன. ஆனால் கடலில் முடியும் பனியாறுகள் அன்றைவிட இக்காலத்தில்தான் கூடுதலாகப் பின்வாங்கியிருந்தன.

அண்டார்டிகாவுக்கும் இதுபோன்ற ஒரு கதை உண்டு. நார்வே நாட்டின் திமிங்கில வணிகரான லார்ஸ் கிறிஸ்டென்சென் 1936-37-இல் அனுப்பிய குழு, கிழக்கு அண்டார்டிகக் கரையை விமானத்திலிருந்து 2,200 படங்கள் எடுத்தது. 2024-இல் அப்படங்களை ஆய்ந்தவர்கள், அக்கரையின் பனியாறுகள் எண்பத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் நிலையாகவே இருப்பதைக் கண்டனர். சில சற்றே தடித்தும் இருந்தன. அச்சமூட்டும் முடிவை மட்டும் அறிவித்து, ஆறுதலான முடிவை மறைக்கும் சாட்சி நல்ல சாட்சியன்று. எங்கே பனி குறைகிறது என்று சொல்பவர்கள் எங்கே குறையவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனாலேயே அவர்கள் சொல்லை நம்ப இடமுண்டு.

பொய் சொன்ன கருவி

மேலிருந்து எடுக்கும் படம் பனியின் பரப்பைக் காட்டும். அதன் ஆழத்தைக் காட்டாது. ஆழத்தை அறியும் வழி ஒரு கருவியின் பிழையிலிருந்து பிறந்தது. விமானங்களில் ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு உயரத்தைக் கணிக்கும் உயரமானி உண்டு. பனிப்படலத்தின்மேல் பறந்தபோது அது தவறான உயரத்தைக் காட்டியது. விமானிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்கப் படையின் செய்தித்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த அமோரி வெய்ட், இதற்குக் காரணம் கருவியின் கோளாறன்று என்று 1950-களின் பிற்பகுதியில் நிறுவினார். சில அலைவரிசைகளுக்குக் குளிர்ந்த பனி கண்ணாடியைப் போன்றது. அலை பனியின் மேற்பரப்பில் நில்லாமல் ஊடுருவிச் சென்று, அடியிலுள்ள பாறையில் மோதித் திரும்புகிறது.

இப்பிழையையே பயனாக்கினார் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்டான் எவன்ஸ். 1960-களில் அவர் உருவாக்கிய ரேடியோ எதிரொலிக் கருவி விமானத்தில் ஏறியது. 1967 முதல் 1979 வரை பிரித்தானிய, அமெரிக்க, டேனிய ஆய்வாளர்கள் சேர்ந்து அண்டார்டிகாவின்மேல் ஏறத்தாழ 4 லட்சம் கிலோமீட்டர் பறந்து பனியின் ஆழத்தை அளந்தனர். சில இடங்களில் பனியின் கனம் நாலரைக் கிலோமீட்டரையும் தாண்டியது. அப்பனிக்கடியில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஏரிகளும் வெளிப்பட்டன. நால்வகைக் கணிப்பொறி வசதியும் வாய்க்காத அக்காலத்தில், எதிரொலிகள் யாவும் 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருள்களிற் பதிவாயின. வேண்டிய வரைபடங்கள் 1983-இல் ஒரு பெருந்தொகுப்பாக வெளிவந்தபின், சுருள்கள் கேம்பிரிட்ஜில் பெட்டிகளுக்குள் அடங்கின.

பெட்டிகள் திறக்கப்பட்டது 2017-இல். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபது லட்சம் பதிவுகள் கொண்ட அச்சுருள்களைக் கணிப்பொறிக்கு மாற்றினர். மேற்கு அண்டார்டிகாவின் துவைட்ஸ் பனியாற்றின்மேல் 1978-இல் பறந்த அதே வழியில் 2009-க்குள் மீண்டும் பறந்த விமானங்களின் அளவுகளும் கையிலிருந்தன. இரண்டையும் ஒப்பிட்டபோது, அப்பனியாற்றின் கிழக்குப் பனித்தட்டு அந்த முப்பத்தோர் ஆண்டுகளில் இடத்துக்கு இடம் 10 முதல் 33 விழுக்காடு வரை மெலிந்திருந்தது. துவைட்ஸ் ஒன்று மட்டும் முழுதும் கரைந்தால் கடல் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். 1978-இல் பறந்தவர்கள் மெலிவைத் தேடிப் பறக்கவில்லை; அடிப்பாறையைத் தேடியே பறந்தார்கள். ஆனால் அவர்கள் குறித்து வைத்திராவிட்டால் 2009-இன் அளவு வெறும் ஓர் எண்ணாகவே நின்றிருக்கும்.

இருளிலும் காணும் கண்

விமானம் ஒரு கோட்டில் பறப்பது. முழுப்பரப்பையும் காண விண்வெளி வேண்டும். 1964 ஆகஸ்டில் அமெரிக்கா ஏவிய நிம்பஸ் என்னும் வானிலைச் செயற்கைக்கோள் ஒரு மாதங்கூட முழுமையாக வாழவில்லை. வானிலைக்கென அது எடுத்த படங்கள் சுருள்களாகக் காப்பகத்திற் கிடந்தன. அரை நூற்றாண்டு கழித்து அவற்றை மீட்டெடுத்தவர்கள், அந்தச் செப்டம்பரில் அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடற்பனி ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததைக் கணித்தனர்.

ஆயினும் சாதாரணக் கேமராவுக்குத் துருவம் பாதியாண்டு குருடு. அங்கே மாதக்கணக்கில் இரவு, பகலிலும் மேகம். இக்குறையை நுண்ணலைக் கருவி நீக்கியது. எல்லாப் பொருளும் மிக மங்கலாக நுண்ணலைகளை வெளிவிடுகின்றன. கடல்நீரைவிடக் கடற்பனி அவற்றைக் கூடுதலாக வெளிவிடுகிறது. அவ்வலைகளுக்குச் சூரிய ஒளி தேவையில்லை, மேகமும் பெருந்தடையன்று. 1972 டிசம்பரில் ஏறிய நிம்பஸ்-5 இத்தகைய கருவியைச் சுமந்து சென்றது. அது காட்டிய முதல் வியப்பு, அண்டார்டிகாவின் வெடல் கடலில், கடுங்குளிர்காலத்தின் நடுவே, பனியால் சூழப்பட்ட திறந்த நீர்ப்பரப்பு. தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பரப்பளவு கொண்ட அந்நீர்வெளி 1974, 1975, 1976 என மூன்று குளிர்காலங்களிலும் தோன்றியது. பின்னர் அந்த அளவில் அது மீளவில்லை. அந்நாளில் கண் அங்கே இல்லாதிருந்தால் அப்படியொன்று நிகழ்ந்ததை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

1978 இவ்வரலாற்றின் திருப்புமுனை ஆண்டு. ஜூன் இறுதியில் ஏவப்பட்ட சீசாட் என்னும் கடலாய்வுச் செயற்கைக்கோள் ஏறத்தாழ நூறு நாட்களே வாழ்ந்து, அக்டோபரில் மின்பழுதால் மடிந்தது. ஆனால் ரேடாரால் கடலின் மட்டத்தையும் பனியின் மேற்பரப்பையும் விண்ணிலிருந்து அளக்க முடியும் என்பதை அந்நூறு நாட்களில் மெய்ப்பித்தது. அதே அக்டோபரில் நிம்பஸ்-7 ஏறியது. அன்று தொடங்கிய கடற்பனிக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

அத்தொடர்ச்சி தானே வாய்க்கவில்லை. 1987-இல் நிம்பஸ்-7-இன் கருவி ஓய்வதற்குமுன், அடுத்த கருவியைத் தாங்கிய செயற்கைக்கோள் விண்ணிலிருந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் இரண்டும் ஒரே பனியை ஒரே காலத்தில் பார்த்தன. பழைய கருவியின் அளவும் புதிய கருவியின் அளவும் எங்கே வேறுபடுகின்றன என்று அறிந்து இரண்டையும் ஒரே கணக்காக இணைக்க அந்த ஆறு வாரங்களே உதவின. கைமாறும்போது இருவர் கையும் சற்றுநேரம் பொருளின்மேல் இருக்கவேண்டும். அவ்வாண்டின் இறுதியில் கருவி சில வாரங்கள் செயலற்றது; 1987 டிசம்பருக்கும் 1988 ஜனவரிக்கும் இடையிலான அந்த இடம் கணக்கேட்டில் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. கடந்துபோன நாளின் பனியை எவராலும் திரும்ப அளக்க முடியாது.

முன்னறிவிப்பும் முப்பத்தைந்து நாட்களும்

அதே 1978-இன் ஜனவரியில், ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெர்சர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கரிவளி பெருகி உலகம் வெப்பமானால் மேற்கு அண்டார்டிகப் பனிக்கு ஆபத்து உண்டு என்றும், அதன் முன்னடையாளமாக அண்டார்டிகத் தீபகற்பத்தின் பனித்தட்டுகள் வடக்கிலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி உடையும் என்றும் அவர் எழுதினார். பலர் அதை மிகைப்பேச்சு என்றனர். மெர்சர் 1987-இல் காலமானார்.

1995 ஜனவரியில் தீபகற்பத்தின் வடபகுதியிலுள்ள லார்சன்-ஏ பனித்தட்டு உடைந்தது. 2002 ஜனவரி இறுதியில், அதற்குத் தெற்கேயுள்ள லார்சன்-பி நொறுங்கத் தொடங்கியது. டெர்ரா செயற்கைக்கோளின் படங்களில் அதை ஆய்வாளர்கள் நாள்வாரியாகக் கண்டனர். ஏறத்தாழ 220 மீட்டர் கனமுள்ள பனி, 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பில், முப்பத்தைந்து நாட்களில் சில்லுகளாயிற்று. கோடையில் அதன்மேல் தேங்கிய உருகுநீர் விரிசல்களுக்குள் இறங்கி ஆப்புப்போலப் பிளந்தது என்பது விளக்கம். பின்னர் கடலடி மண்ணை ஆய்ந்தபோது, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளாக அப்பனித்தட்டு அப்படி உடைந்ததில்லை என்று தெரிந்தது.

மிதந்த பனி உடைந்ததால் கடல் உயரவில்லை. ஆனால் அதன் பின்னே நிலத்தில் நின்ற பனியாறுகளுக்கு அதுவே முட்டுக்கட்டையாக இருந்தது. முட்டு அகன்றதும் அவற்றுட் பல, பன்மடங்கு வேகத்தில் கடலை நோக்கி நகர்ந்ததைச் செயற்கைக்கோள்கள் அளந்தன. இதனோடு ஒப்பிடத் தகுந்தபடி, உடையாத பகுதியின் பின்னே நின்ற பனியாறுகள் பழைய வேகத்திலேயே சென்றன. மெர்சரின் கூற்று அவருக்குப்பின் இவ்வாறு சோதித்தறியப்பட்டது.

உயரமும் எடையும்

பரப்பை அறிந்தபின் இரண்டு வினாக்கள் எஞ்சின: பனியின் உயரம் குறைகிறதா? அதன் எடை குறைகிறதா?

எடையை அளக்க 2002 மார்ச்சில் கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏறின. விளையாட்டாக அவற்றுக்கு டாம், ஜெர்ரி என்று பெயர். அவை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின. கீழே எடைமிகுந்த பகுதி வரும்போது முன்செல்வது சற்றே முன்னிழுக்கப்படும், இடைவெளி மாறும். தலைமுடியின் பருமனினும் சிறிய அம்மாற்றத்தை அளந்து, கீழுள்ள பனியின் எடை மாதந்தோறும் எப்படி மாறுகிறதென்று கணித்தனர். ஒரு தராசு விண்ணிலே தொங்கியதென்றே சொல்லலாம்.

உயரத்தை அளக்க 2003 ஜனவரியில் ஐஸ்சாட் ஏறியது. அதில் மூன்று லேசர்கள் இருந்தன. முதல் லேசர் சில வாரங்களிலேயே அணைந்தது. எஞ்சிய இரண்டையும் தொடர்ந்து எரித்தால் அவையும் விரைவில் அணையும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு ஒரு மாதமளவு மட்டும் ஏற்றினர். விளக்கெண்ணெயைச் சிக்கனமாய்ச் செலவிட்டு விடியலுக்குக் காத்திருந்த வீட்டாரைப்போல், அவர்கள் 2009 வரை அதை எரியவைத்தனர். ஐரோப்பா ஆயத்தம் செய்த கிரையோசாட் 2005 அக்டோபர் 8-ஆம் நாள் ஏவப்பட்டு, ராக்கெட்டின் பழுதால், தான் அளக்கவேண்டிய ஆர்க்டிக் கடலிலேயே விழுந்தது. உழைத்தவர்கள் கலங்கினர், ஆனால் கைவிடவில்லை. அதன் மறுவடிவம் 2010 ஏப்ரலில் ஏறியது.

ஐஸ்சாட் ஓய்ந்தபோது, அடுத்த லேசர் செயற்கைக்கோள் ஏறப் பல ஆண்டுகள் இருந்தன. அவ்விடைவெளியை அப்படியே விட்டால் கணக்கு அறுந்துவிடும். அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானங்களைக்கொண்டு அதற்கு ஒரு பாலம் கட்டியது. அத்திட்டத்தின் பெயரே பனிப்பாலம் என்று பொருள்படும் ஐஸ்பிரிட்ஜ். 2009 முதல் 2019 வரை, வடக்கே கிரீன்லாந்திலிருந்தும் தெற்கே சிலி நாட்டின் புண்டா அரேனாசிலிருந்தும் விமானங்கள் புறப்பட்டன. பெரும்பாலும் 500 மீட்டர் உயரத்திற் பறந்து, லேசராலும் ரேடாராலும் பனியை அளந்தன. முன்பு ஐஸ்சாட் சென்ற தடத்திலேயே பறந்தன. பின்பு ஐஸ்சாட்-2 செல்லவிருந்த தடத்திலும் பறந்தன. 2018 செப்டம்பரில் ஐஸ்சாட்-2 ஏறியது. வினாடிக்குப் பத்தாயிரம் முறை பச்சைநிற லேசர் ஒளியை ஆறு கற்றைகளாய்ப் பாய்ச்சும் அது, 91 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்புகிறது. பழைய கணக்கும் புதிய கணக்கும் விமானங்களின் பாலத்தின்மேல் சந்தித்தன.

இவையனைத்தும் சேர்ந்து சொன்னது என்ன? ஒரு காலத்தில் ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் எண்ணைச் சொன்னது. 2012 முதல் உலகின் ஆய்வாளர்கள் தங்கள் கருவிகளின் கணக்குகளை ஒன்றாய் வைத்து ஒத்துப்பார்த்தனர். 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் சேர்ந்து ஏறத்தாழ 7,56,000 கோடி டன் பனியை இழந்தன. அதனால் மட்டும் கடல் 21 மில்லிமீட்டர் உயர்ந்தது. கிரேஸ் காலக் கணக்கில் கிரீன்லாந்தின் சராசரி இழப்பு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 கோடி டன். நிரம்பி நிற்கும் மேட்டூர் அணை ஏறத்தாழ நூற்றை ஆண்டுதோறும் கடலில் திறந்துவிடுவதற்கு அது ஒப்பாகும்.

கடற்பனியின் கணக்கு இத்தனை நேர்கோட்டிற் செல்லவில்லை. ஆர்க்டிக்கில் 2012 செப்டம்பரில் அது ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 2025 வரை அதற்குக் கீழே போகவில்லை. ஆனால் 2007 முதல் 2025 வரையிலான பத்தொன்பது ஆண்டுகளே கணக்கேட்டின் மிகக் குறைந்த பத்தொன்பது ஆண்டுகள். அண்டார்டிகாவிலோ 2014-இல் கடற்பனி 2 கோடிச் சதுர கிலோமீட்டரைத் தாண்டிப் பெருகியது. பின்னர் சரிந்து, 2023 பிப்ரவரியில் ஏறத்தாழ 18 லட்சமாகக் குறைந்தது. கணக்கை 2014-இல் நிறுத்தியிருந்தால் நாம் வேறொரு முடிவுக்கு வந்திருப்போம்.

கடல் சொல்வது

கரைந்த பனி எங்கே போயிற்று என்பதைக் கடல் சொல்கிறது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய டோபெக்ஸ்-போசைடன், 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலின் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது. அதன்பின் வந்த ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும், முந்தியது சென்ற பாதையிலேயே அதனோடு சில மாதங்கள் சேர்ந்து சென்று ஒத்துப்பார்த்தபின்தான் பணியை ஏற்றன. 1993 முதல் உலகக் கடல் மட்டம் 10 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்த வேகம் 2023-க்குள் நாலரை மில்லிமீட்டரை நெருங்கியது. இதில் ஒரு பங்கு, வெப்பத்தால் நீரே விரிவதால் வருவது. பெரும்பங்கு நிலத்தின் பனியால் வருவது.

இச்சங்கிலியில் இந்தியாவின் கண்ணியும் உண்டு. 2012 ஏப்ரலில் ஐரோப்பாவின் என்விசாட் திடீரென்று மௌனமாயிற்று. துருவப் பனிவரை எட்டும் அதன் பாதையில் அளவுகள் நின்றன. 2013 பிப்ரவரி 25-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் இஸ்ரோவின் ராக்கெட் ஏற்றிய சரள் என்னும் இந்திய-பிரெஞ்சுச் செயற்கைக்கோள் அதே பாதையில் நின்று அக்கணக்கைத் தொடர்ந்தது. 2025 ஜூலை 30-ஆம் நாள் அதே தளத்திலிருந்து ஏறிய நிசார், இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. அண்டார்டிகப் பனியின் நகர்வை நன்கு காணும்படி அதன் ரேடார் இடப்புறம் நோக்க அமைக்கப்பட்டிருக்கிறது.

தொலைவிலுள்ள பனிக்கும் நம் கரைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அவ்வீர்ப்பும் குறையும். அருகில் நின்ற நீர் விலகித் தொலைதூரக் கடல்களுக்குச் செல்லும். ஆகவே பனி உருகும் இடத்தில் கடல் தாழவும், வெப்ப நாடுகளின் கரையில் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக உயரவும் நேரிடும். பனியைக் கண்ணாற் காணாத மீனவனின் குடிசையை அது வந்து சேரும் வழி இதுவே.

அறுபடாத சங்கிலி

இவ்வரலாற்றில் ஒரு தனிப்பெரும் நாயகன் இல்லை. பிழையாகப் பார்த்தவரும், அதைத் திருத்தியவரும், எதற்கென்று அறியாமலே படச்சுருளைப் பெட்டியில் அடுக்கிவைத்தவரும், விழுந்த செயற்கைக்கோளை மீண்டும் கட்டியவரும் சேர்ந்தே இச்சாட்சியத்தை எழுதினார்கள். அவர்களுட் பலர் தம் உழைப்பின் பொருள் விளங்குமுன்பே மறைந்தனர்.

எனவே இச்சங்கிலி எத்துணை உறுதியானதோ அத்துணை நொய்ம்மையானதும் ஆகும். 2017 அக்டோபரில் கிரேஸ் ஓய்ந்தபின் அதன் வாரிசு 2018 மே மாதமே ஏறியது. இடைப்பட்ட வெற்றிடத்தை எந்த விமானத்தாலும் நிரப்ப இயலவில்லை. 2025 ஜூனில், கடற்பனிக் கணக்குக்குப் பல்லாண்டு ஆதாரமாயிருந்த அமெரிக்கப் படைத்துறைச் செயற்கைக்கோள்களின் பதிவுகள் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆய்வாளர்கள் கவலை தெரிவித்தனர். சில வாரங்களில் அம்முடிவு மாற்றப்பட்டது. ஜப்பானின் நுண்ணலைக் கருவிகள் இருந்தமையால் கணக்கு முற்றிலும் அறுந்திராது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடையறாது காத்த ஒன்றை நிறுத்த ஓர் அறிவிப்பே போதும் என்பதை உலகம் கண்டது.

கருவி செய்வதற்குப் பணம் கேட்டால் அரசுகள் சிலவேளை தருகின்றன. புதுமைக்குப் புகழ் உண்டு. நேற்று அளந்ததையே இன்றும் அளப்பதற்கும், பழைய சுருளைப் புழுதி தட்டிக் காப்பதற்கும் புகழ் இல்லை. ஆனால் இந்நூறாண்டு வரலாறு காட்டுவது, உண்மை பெரும்பாலும் இந்தப் புகழற்ற பணியிலிருந்தே வெளிப்பட்டது என்பதைத்தான். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும், மறுநாளும் அதே இடத்துக்கு வந்து நிற்பதும் சாட்சியின் கடமை. அவர்கள் அதைச் செய்து வருகிறார்கள். சொன்ன சாட்சியத்தைக் கேட்டு, அதற்கேற்ப வாழ்க்கையைத் திருத்திக்கொள்ளும் கடமை கேட்பவர்களுடையது.